ஒரு தோல் பையின் கதை: 'பேர்ஸ்' என்ற டச்சுச் சொல்

இன்னிக்கு எபிசோடுல நாம பேசப்போறது ஒரே ஒரு சொல்லைப் பத்தி. டச்சு மொழிச் சொல். இதைச் சரியா உச்சரிக்கணும்னா 'ஏ' சொல்ற மாதிரி நாக்கை வெச்சுக்கிட்டு, உதட்டை மட்டும் 'ஓ'வுக்குக் குவிக்கணும். தமிழ் எழுத்துல அந்த ஒலி கிடையாது. அதனால 'பேர்ஸ்'னு வெச்சுக்கலாம். 'ப' மட்டும் 'பந்து'ல வர்ற 'ப' இல்லை, 'பாபு'வுல ரெண்டாவதா வர்ற 'பு' மாதிரி அழுத்தமா.

நெதர்லாந்துல ரோட்டர்டாம் நகரத்துல படிக்கிற ஒரு பொண்ணைக் கற்பனை பண்ணிக்கோங்க. காலையில மெட்ரோ பிடிச்சு நகரத்தோட நடுமையத்துல இறங்குறா. அந்த ஸ்டேஷன் பேரு 'பேர்ஸ்'. போனைத் திறந்தா முதல் செய்தி, 'பேர்ஸ் சரிந்தது'. அது பங்குச் சந்தை. அம்மா கிட்டயிருந்து மெசேஜ், 'இந்த மாச பேர்ஸ் வந்துருச்சா?' அது கல்வி உதவித்தொகை. வார இறுதியில தோழிகளோட ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் போகணும். அதுவும் 'பேர்ஸ்'. மதியம் சாப்பிடலாம்னு பைக்குள்ள கைவிட்டா, கொண்டுவந்த பேரிக்காய் நசுங்கிக் கொழகொழன்னு ஆகியிருக்கு. அந்த நிலைக்கும் பேரு 'பேர்ஸ்'. சாயங்காலம் பாட்டி வீட்டுக்குப் போனா, பாட்டி கைச்செலவுக்குக் காசு எடுத்துக் கொடுக்குற சின்னப் பை இருக்கே, பழைய டச்சுல அதுவும் 'பேர்ஸ்'தான்.

ஒரே சொல். ஆறு இடம். இதுல பேரிக்காய் மட்டும் தனி வம்சம். அதைக் கடைசியில பார்ப்போம். மத்த அஞ்சும் ஒரே தோல் பைக்குள்ளேருந்து வெளிய வந்தவை. அந்தப் பையைத் திறந்து பார்க்கிறதுதான் இன்றைய எபிசோட்.

தோலில் தொடங்கிய சொல்

கிரேக்க மொழியில் 'பிர்சா' என்றால் பதப்படுத்திய தோல். இந்தச் சொல்லைச் சுற்றி ஒரு பழங்கதை உண்டு. வட ஆப்பிரிக்கக் கரைக்குத் தப்பி வந்த டைடோ என்ற அரசி, அந்த ஊர்த் தலைவனிடம் கொஞ்சம் நிலம் கேட்டாளாம். 'ஒரு மாட்டுத் தோல் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அவ்வளவு எடுத்துக்கோ' என்றான் அவன். அவள் அந்தத் தோலை மெல்லிய இழைகளாகக் கிழித்து, ஒன்றோடொன்று முடிந்து, ஒரு முழுக் குன்றையே வளைத்துக்கொண்டாள். கார்த்தேஜ் நகரம் அப்படித்தான் பிறந்தது என்பது கதை. அந்தக் குன்றின் பெயர் பிர்சா. ஃபினீசிய மொழியில் இருந்த ஏதோ ஓர் இடப்பெயர் கிரேக்கர்கள் காதில் 'தோல்' என்று விழுந்ததால்தான் இந்தக் கதையே முளைத்தது என்கிறார்கள் அறிஞர்கள். நிஜமோ பொய்யோ, இந்தக் கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரு சின்னத் தோலை வெச்சு ஒரு தேசத்தை வளைக்கிற வித்தை நம்ம கதையில இன்னொரு தடவை வரும்.

கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போனபோது அது 'புர்சா' ஆனது. அர்த்தம் தோலிலிருந்து தோல் பைக்கு நகர்ந்தது. அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. நாம தினமும் சொல்ற 'பர்ஸ்' அந்த வம்சம்தான், ஆங்கிலம் வழியா வந்தது. ஆபீஸ்ல செலவுக் காசைத் திரும்ப வாங்க 'ரீஇம்பர்ஸ்மென்ட்' போடுறோமே, அதுக்கு நேர் அர்த்தம் 'பைக்குள்ள திரும்பப் போடு'. முழங்கால்ல, தோள்பட்டையில எலும்பு உரசாம இருக்க திரவம் நிறைஞ்ச குட்டிப் பைகள் இருக்கு. மருத்துவத்துல அதுக்குப் பேரு 'பர்சா'. அது வீங்கினா 'பர்சைட்டிஸ்'.

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் பொதுப் பணத்தில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அந்தப் பொதுப் பைக்கும், பிறகு அந்த விடுதிக்கும் 'புர்சா' என்றே பெயர். ஜெர்மன் மொழியில் இளைஞனைக் குறிக்கும் 'புர்ஷே' என்ற சொல் அந்த விடுதிப் பையன்களிடமிருந்து வந்தது. டச்சுக்காரர்கள் உதவித்தொகையை 'பேர்ஸ்' என்று அழைப்பதற்கும் வேர் இதுதான். படிக்கிற பிள்ளைக்காக ஊர் சேர்த்து வைத்த பை.

சரி, பை எப்படிச் சந்தை ஆச்சு?

ஒரு சத்திரத்து வாசல்

இன்றைய பெல்ஜியத்தில் ப்ரூஜ் என்று ஓர் ஊர். கால்வாயும் செங்கல் வீடுமாகச் சுற்றுலாப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வட ஐரோப்பாவின் பணம் புழங்கிய பெரிய ஊர் அது. இங்கிலாந்துக் கம்பளி, ஃபிளாண்டர்ஸ் துணி, இத்தாலியர்கள் கொண்டுவந்த மிளகு, பட்டு என்று எல்லாம் அங்கே கை மாறின.

அந்த ஊரில் 'வான் டெர் பேர்ஸே' என்று ஒரு குடும்பம். தலைமுறை தலைமுறையாகச் சத்திரம் நடத்தியவர்கள், தரகு வேலையும் பார்த்தவர்கள். பெயரிலேயே பை இருந்ததால் குடும்பச் சின்னத்திலும் மூன்று பணப்பைகள். வெளியூர் வியாபாரிக்கு அன்று சத்திரக்காரர்தான் எல்லாமும். படுக்க இடம் கொடுப்பார், சரக்கைப் பூட்டி வைப்பார், உள்ளூர் மொழியில் பேசிக் கொடுப்பார், 'இந்த ஆளை நம்பலாம், அந்த ஆள் வேண்டாம்' என்று காதோடு சொல்வார். ஜெனோவா, வெனிஸ், ஃப்ளாரன்ஸ் வியாபாரிகளின் வீடுகளும் அந்தச் சதுக்கத்தைச் சுற்றித்தான் இருந்தன. எனவே தினமும் அந்த வாசலில் கூட்டம். சரக்கு கையில் இல்லாமலே விலை பேசினார்கள், ஊர் விட்டு ஊர் பணம் அனுப்பும் உண்டியல் கடிதங்களை மாற்றிக்கொண்டார்கள்.

'எங்கே போறே?' 'பேர்ஸே வீட்டு வாசலுக்கு.' இப்படிச் சொல்லிச் சொல்லி, குடும்பப் பெயர் சதுக்கத்தின் பெயராகி, சதுக்கத்தின் பெயர் அங்கே நடந்த தொழிலின் பெயராகிவிட்டது. 1567இல் ஃபிளாண்டர்ஸ் பகுதியைப் பற்றி எழுதிய லொடோவிகோ குய்ச்சார்டினி என்ற இத்தாலியர், மூன்று பை சின்னம் போட்ட அந்த வீட்டைக் குறிப்பிட்டு இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார். பிரெஞ்சில் 'பூர்ஸ்', ஜெர்மனில் 'ப்யோர்ஸே', இத்தாலியனில் 'போர்சா', ரஷ்யனில் 'பீர்ழா', துருக்கியில் 'போர்சா', மலேசியப் பங்குச் சந்தைக்கு 'புர்சா மலேசியா'. எல்லோரும் தங்களுக்கே தெரியாமல் ஒரு சத்திரக்காரர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் ஏன் 'எக்ஸ்சேஞ்ச்'? ப்ரூஜுக்குப் பிறகு பணம் ஆண்ட்வெர்ப் நகரத்துக்கு நகர்ந்தது. 1531இல் அங்கே வியாபாரிகளுக்கென்றே முற்றமும் தூண் மண்டபமுமாக ஒரு 'பேர்ஸ்' கட்டினார்கள். அதைப் பார்த்த லண்டன் வியாபாரி தாமஸ் கிரெஷம், தன் ஊரிலும் அதே மாதிரி ஒன்று எழுப்பினார். ஆரம்பத்தில் லண்டன்காரர்களும் அதை 'பூர்ஸ்' என்றுதான் அழைத்தார்கள். 1571இல் முதலாம் எலிசபெத் ராணி நேரில் வந்து, 'இனி இது ராயல் எக்ஸ்சேஞ்ச்' என்று அறிவித்தார். நம்ம ஊர்ல ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்னு சொல்றோமே, அதுக்குப் பின்னாடி அந்த ராணி இருக்காங்க.

வேலைக்காரியின் நூறு கில்டர்

இப்ப ஆம்ஸ்டர்டாம் போவோம். வருஷம் 1602.

அந்த வருஷம் மார்ச் 20ஆம் தேதி டச்சு அரசு ஒரு கம்பெனிக்கு உரிமைச் சாசனம் கொடுத்தது. ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி. டச்சு மொழியில் அதன் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. தமிழ்ல கேட்ட உடனே நமக்கு வேற ஒருத்தர் ஞாபகம் வருவார். பொறுங்க, அவரும் இந்த எபிசோடுல வருவார்.

ஆசியாவுக்குக் கப்பல் அனுப்ப ஏகப்பட்ட பணம் வேண்டும். போன கப்பல் திரும்பி வர இரண்டு வருஷம்கூட ஆகும், வராமலும் போகும். ஆகவே கம்பெனி ஊர்ப் பணத்தைத் திரட்டியது. ஆகஸ்ட் 31 வரை யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் டிர்க் வான் ஓஸ் என்ற இயக்குநரின் வீட்டில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். கடைசி நாள் இரவு, அந்த வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தியும் முன்வந்து தன் பெயரைப் பதிந்தாள். நேல்ட்கென் கோர்னேலிஸ். தொகை நூறு கில்டர். அன்றைய வேலைக்காரப் பெண்ணுக்கு அது பல மாத உழைப்பு.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நாள் முழுக்க வாசலில் வந்து போகும் பணக்காரர்களுக்குக் கதவு திறந்துவிட்டிருப்பாள். ஒவ்வொருத்தரும் ஆயிரக்கணக்கில் எழுதுவதைப் பார்த்திருப்பாள். கடைசியில், 'நாம மட்டும் ஏன் சும்மா இருக்கணும்' என்று தோன்றியிருக்கும். ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் ஆப் டவுன்லோடு பண்ணிட்டாங்க, நாம மட்டும் விட்டுட்டோமோன்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு டிமேட் கணக்கு திறக்கிறோமே, அதே துடிப்பு.

ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் பணம் போட்டார்கள். ஆறு நகரக் கிளைகளும் சேர்ந்து 64 லட்சம் கில்டருக்கு மேல் திரண்டது. அந்தக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி இருந்தது: பங்கை வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் கணக்கரிடம் வந்து மாற்றிக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்துக் கணக்கு முடித்துப் பணத்தைத் திருப்பித் தருவதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் 1612 வந்தபோது கம்பெனி அரசிடம் சொல்லி அதைத் தட்டிக்கழித்துவிட்டது. ஆக, போட்ட பணத்தைக் கம்பெனியிடம் திரும்பக் கேட்க முடியாது. உனக்குப் பணம் வேணும்னா, உன் பங்கை வாங்க இன்னொரு ஆளைத் தேடு. இப்படித்தான் பங்குச் சந்தைக்குத் தேவையே வந்தது.

2010இல் ஒரு வரலாற்று மாணவர் ஹோர்ன் நகர ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்களைப் புரட்டியபோது, 1606 செப்டம்பர் 9 தேதியிட்ட ஒரு வி.ஓ.சி. பங்குத் தாளைக் கண்டெடுத்தார். இப்போதைக்கு உலகத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பங்குத் தாள் அதுதான்.

காற்று வியாபாரம்

ஆரம்பத்தில் பாலத்தின் மேல் நின்றுதான் வியாபாரம் செய்தார்கள். மழை வந்தால் தேவாலயத்துக்குள் ஓடினார்கள். 1611இல் கட்டடக் கலைஞர் ஹென்ட்ரிக் டெ கெய்ஸரின் வடிவமைப்பில், ரோக்கின் நீர்வழியின் மேல் ஒரு 'பேர்ஸ்' கட்டடம் எழுந்தது. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் எண் போட்ட தூண்கள். எந்தச் சரக்குக்கு எந்தத் தூண் என்று எல்லோருக்கும் தெரியும். மதியம் ஒரு மணி நேரம்தான் முக்கியமான வியாபாரம். மணி அடித்த பிறகு வந்தால் அபராதம். எமானுவல் டெ விட்டே 1653இல் வரைந்த ஓவியத்தில் அந்த முற்றத்தை இன்றும் பார்க்கலாம். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக ஆண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள்.

கட்டடம் வருவதற்கு முன்பே தில்லுமுல்லு வந்துவிட்டது. இசாக் லெ மேர் என்பவர் வி.ஓ.சி.யின் பெரிய பங்குதாரர்களில் ஒருவர், ஆரம்ப இயக்குநர்களிலும் ஒருவர். கம்பெனியோடு மனக்கசப்பாகி வெளியேறினார். 1609இல் சில கூட்டாளிகளோடு ரகசியமாகச் சேர்ந்து, தங்களிடம் இல்லாத பங்குகளைப் 'பின்னால் தருகிறேன்' என்று விற்கத் தொடங்கினார். விலையை விழ வைக்க வதந்தியும் பரவியது. விலை விழுந்தால் மலிவாக வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஷார்ட் செல்லிங்! அடுத்த வருஷமே, 1610இல், அரசு அதைத் தடை செய்தது. இந்த மாதிரி வியாபாரத்துக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயர் 'விண்ட்ஹாண்டல்'. காற்று வியாபாரம். தடை போட்டும் காற்று நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

1688இல் யோசேஃப் டெ லா வேகா என்ற ஆம்ஸ்டர்டாம் யூத எழுத்தாளர், ஸ்பானிஷ் மொழியில் இந்தச் சந்தையைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தலைப்பு, 'குழப்பங்களின் குழப்பம்'. ஒரு தத்துவவாதி, ஒரு வியாபாரி, ஒரு பங்குக்காரர், மூன்று பேரும் உரையாடுகிற புத்தகம். கையில் கை அடித்துப் பேரம் பேசி உள்ளங்கை சிவந்துபோவது வரைக்கும் எழுதியிருக்கிறார். இன்றைக்கு எஃப் அண்ட் ஓ என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் அதில் இருக்கிறது. ஆசையும், பயமும், வாங்கினதுமே விலை விழுகிற அந்த வயிற்றெரிச்சலும்.

இதுவரைக்கும் கேட்கிறப்ப ஜாலியாத்தான் இருக்கு, இல்லையா? பங்குச் சந்தை வரலாறுன்னு யூடியூப்ல தேடினா பெரும்பாலும் இதோட முடிச்சுடுவாங்க. ஆனா ஒரு பைக்கு வாய் மட்டும் இல்லை, அடியும் இருக்கு.

பையின் அடி

வி.ஓ.சி. தன் முதல் ஈவுத்தொகையை 1610இல் கொடுத்தது. டிவிடெண்டு. எதில் கொடுத்தது தெரியுமா? பணமாக இல்லை, ஜாதிபத்திரியாக. பிறகு மிளகாக. கம்பெனியிடம் காசு கம்மி, சரக்கு நிறைய. பங்குதாரர்கள் ஜாதிபத்திரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முகம் சுளித்தார்கள்.

ஜாதிக்காயும் அதன் மேல் படரும் ஜாதிபத்திரியும் அன்று உலகத்திலேயே ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். மிகச் சின்னத் தீவுக்கூட்டம். பாண்டா மக்கள் யாருக்கு நல்ல விலையோ அவர்களுக்கு விற்றார்கள். ஆங்கிலேயர், ஜாவாக்காரர், அரேபியர், யாராக இருந்தாலும் சரி. எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்றது வி.ஓ.சி. 1621இல் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸோன் கூன் படையோடு போய் இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரைக் கூண்டில் அடைத்து, ஜப்பானியக் கூலிப்படையை விட்டு வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் இருந்ததாக மதிப்பிடப்படும் அந்தத் தீவுகளில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். கொலை, பட்டினி, நாடுகடத்தல். காலியான நிலத்தைத் தோட்டங்களாகப் பிரித்து, வேறு இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து ஜாதிக்காய் பறிக்க வைத்தார்கள்.

அந்தக் கொள்ளைக்கு நம்ம கரையும் ஒரு கை கொடுத்தது. கொடுக்க வைக்கப்பட்டதுன்னு சொல்லணும். மசாலாத் தீவுகளில் வெள்ளிக் காசை விடத் துணிக்குத்தான் மதிப்பு அதிகம். அந்தத் துணி சோழமண்டலக் கரையிலிருந்து போனது. 1610இல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வியாபார உரிமை வாங்கினார்கள், 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலம் என்பது மொலுக்காஸ் மசாலாத் தீவுகளின் இடது கை என்று கம்பெனி அதிகாரி ஒருவர் 1612லேயே எழுதினார். நம்ம நெசவாளர் நெய்த துணி கிழக்கே போய் ஜாதிக்காயாக மாறி, ஜாதிக்காய் ஆம்ஸ்டர்டாம் போய்க் கில்டராக மாறியது. துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலங்களில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

டைடோ அரசி மாட்டுத் தோலைக் கிழித்துக் குன்றை வளைத்தாளே, ஞாபகம் இருக்கா? அதே வித்தைதான். நூறு கில்டர், ஐம்பது கில்டர் என்று சின்னச் சின்ன இழைகள். எல்லாவற்றையும் முடிந்து நீட்டினால், ஆம்ஸ்டர்டாமிலிருந்து பழவேற்காடு வழியாகப் பாண்டா வரைக்கும் வளைத்துவிட்டது. நேல்ட்கென் கோர்னேலிஸ் கெட்டவள் இல்லை. அவள் பாண்டாவைப் பார்த்திருக்கவே மாட்டாள். பங்கு என்ற கண்டுபிடிப்பின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். பையின் அடியைப் பார்க்காமலே வாயிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதைப் பார்த்துச் சொன்ன ஒரு டச்சுக்காரரும் உண்டு. 1860இல் முல்ட்டடூலி என்ற புனைபெயரில் எடுவார்ட் டௌவெஸ் டெக்கர் எழுதிய 'மாக்ஸ் ஹாவெலார்' நாவல். அதன் கதைசொல்லிகளில் ஒருவர் ட்ரோக்ஸ்டோப்பல் என்ற காபி தரகர். அவருக்கு உலகம் என்றால் 'பேர்ஸ்'தான். அங்கே போவதும், அங்கே மதிப்போடு இருப்பதும்தான் வாழ்க்கை. அதே நாவலுக்குள்ளேதான், அந்தக் காபியை விளைவிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட ஜாவா விவசாயிகளின் துயரமும் வருகிறது. பையின் வாயையும் அடியையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். நெதர்லாந்தை உலுக்கிய புத்தகம் அது.

ஆம்ஸ்டர்டாமில் 1903இல் திறந்த இன்னொரு சந்தைக் கட்டடம் உண்டு, கட்டடக் கலைஞர் பெர்லாகே கட்டியது. இப்போது அங்கே வியாபாரம் கிடையாது. 2002 பிப்ரவரி 2ஆம் தேதி, அன்றைய இளவரசர் வில்லெம் அலெக்சாண்டரின் பதிவுத் திருமணம் அந்த மண்டபத்தில்தான் நடந்தது. அதே மனிதர் அரசரான பிறகு, 2023 ஜூலை 1ஆம் தேதி, அதே ஆம்ஸ்டர்டாமில், தன் நாட்டின் அடிமை வரலாற்றுக்காக மன்னிப்புக் கேட்டார்.

மாணவர்களின் பை

இப்ப அந்த ரோட்டர்டாம் பொண்ணு கிட்ட திரும்பி வருவோம். அவ அம்மா கேட்ட 'பேர்ஸ்' வந்துச்சா?

1986இல் நெதர்லாந்து ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. 'பாசிஸ்பேர்ஸ்', அடிப்படை உதவித்தொகை. பெற்றோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் கல்லூரி மாணவருக்கு மாதாமாதம் அரசுப் பணம். 2015இல் அதை நிறுத்திவிட்டு, 'வேணும்னா கடன் வாங்கிக்கோ' என்றது அரசு. எட்டு வருஷம் கழித்து, 2023இல், தப்பாகப் போச்சு என்று உதவித்தொகையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு டச்சு மொழியில் ஒரு பேர் வந்துவிட்டது: 'பெக்ஹெனராட்சி', அதிர்ஷ்டம் கெட்ட தலைமுறை. அண்ணனுக்குக் கிடைத்தது, தம்பிக்கும் கிடைக்கும், நடுவில் பிறந்தவளுக்குக் கடன் மட்டும்.

ஒரே சொல்லுக்குள் ரெண்டு பை இருப்பது இங்கேதான் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஒன்று, நான் போட்டு நானே பெருக்கி எடுக்கிற பை. இன்னொன்று, எல்லோரும் போட்டு, யாருக்குத் தேவையோ அவர்கள் எடுக்கிற பை. இடைக்கால மாணவர் விடுதியின் பையும் ஆம்ஸ்டர்டாம் சந்தையின் பையும் ஒரே தோலில் வெட்டியவைதான். எதை எதற்குப் பயன்படுத்துவது என்று ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி மறுபடி முடிவு பண்ண வேண்டியிருக்கிறது.

டச்சு மொழியில் ஒரு வழக்கு உண்டு. 'மூடிய பைகளோடு' ஒரு வேலையை முடிப்பது. நான் உனக்கு இதைச் செய்கிறேன், நீ எனக்கு அதைச் செய், காசுப் பேச்சு வேண்டாம். பை திறக்காமலே கணக்கு நேர். சந்தைக்கே பெயர் கொடுத்த மொழியில், சந்தை இல்லாமல் காரியம் முடிப்பதற்கும் அதே சொல்தான்.

பேரிக்காய் பாக்கி. நசுங்கி, கனிந்து, தொட்டால் குழைகிற பழத்துக்கு 'பேர்ஸ்' என்று சொல்வது வேறு வேரிலிருந்து வந்த சொல். ஒலி மட்டும் ஒன்று. அடித்து உடம்பெல்லாம் கன்றிப் போனாலும் டச்சுக்காரர்கள் 'பேர்ஸ்' என்பார்கள். அகராதியில் ரெண்டும் தனித்தனிப் பதிவு. சந்தை விழுந்த அன்னிக்குப் பணம் போட்டவங்களுக்கு மட்டும் ரெண்டும் ஒண்ணுன்னு தோணும்.

ரெண்டு வி.ஓ.சி.

கடைசியா, முதல்ல பொறுங்கன்னு சொன்னேனே, அவர்.

1658இல் டச்சு வி.ஓ.சி. தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. முத்துக்குளிப்பும் துணியும் அதற்கு முக்கியம். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்கும் எண்பது வருஷம் கழித்து, 1906இல், அதே தூத்துக்குடியில் நம்ம வ.உ.சி., வ.உ.சிதம்பரம் பிள்ளை, ஒரு கப்பல் கம்பெனி தொடங்கினார். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 பங்குகள், ஒவ்வொன்றும் 25 ரூபாய்.

அதே கருவிதான். கப்பல், பங்கு, ஊர்ப் பணம். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த அந்தத் தோல் பையை இங்கே எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தார்கள். 25 ரூபாய் கொடுத்தவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று தெரியும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகிறது, ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்கப் போகிறது. எதிர்த்தரப்பு கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நசுக்கியது. 1908இல் வ.உ.சி.யைச் சிறையில் அடைத்தார்கள். 1911இல் கம்பெனி கலைந்தது. பங்குதாரர்களுக்கு நஷ்டம்தான். இன்றைக்கு அந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயர்.

எனக்கும் ஒரு டிமேட் கணக்கு இருக்கு. மாசாமாசம் கொஞ்சம் போடுறேன். நீங்களும் போடுங்க, போடாதீங்கன்னு சொல்ல நான் யாரும் இல்லை. ஆனா இந்த எபிசோடுக்காகப் படிச்ச பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. ஆப்ல பச்சைக் கோடு மேல ஏறுறப்ப, அந்தக் கம்பெனி பேரைத் தட்டி, அது எங்கேருந்து என்ன எடுக்குது, யாரு அங்க வேலை பார்க்கிறாங்கன்னு அஞ்சு நிமிஷம் தேடிப் பார்க்கிறேன். எல்லாத்துக்கும் பதில் கிடைக்கிறதில்லை. ஒண்ணு ரெண்டு பங்கை வித்தும் இருக்கேன்.

நேல்ட்கெனுக்கு அந்த அஞ்சு நிமிஷ வசதி இல்லை. நமக்கு இருக்கு.

அடுத்த எபிசோடுல வேற ஒரு சொல்லோட சந்திப்போம்.